கேலிக்கு ஆளான கார், நம்பி வாங்கும் காராக மாறியது எப்படி? ஹூண்டாய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊரில் ஹூண்டாய் கார் வாங்குகிறேன் என்றால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். தொண்ணூறுகளின் அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு அடங்க ஏறக்குறைய பத்து வருடம் ஆனது, மரியாதை வர இன்னும் பத்து வருடம். இது எப்படி நடந்தது என்பதில் பலருக்கும் ஆர்வம் இருக்கிறது. விளம்பரம், ஷாருக் கான், அழகான டிசைன் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். என் கருத்து வேறு. தன் கார் கெட்டுப்போனால் தன் பாக்கெட்டிலிருந்து பணம் போகும்படி அந்த நிறுவனம் தனக்குத்தானே ஒரு கட்டாயத்தை வைத்துக்கொண்டது. மற்ற எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. கீழே உள்ள பதில்களை அந்தப் பார்வையோடுதான் எழுதியிருக்கிறேன்.

ஹூண்டாய் எப்போது கார் செய்ய ஆரம்பித்தது?

நிறுவனம் 1967-ல் தென் கொரியாவில் தொடங்கியது. நிறுவியவர் சுங் ஜூ-யுங். ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1940-ல் சியோலில் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தினார், அப்புறம் கட்டுமானத் தொழிலுக்குப் போனார். கார் தொழிலுக்கு வந்ததும் முதலில் ஃபோர்டின் கார்டினா காரை உரிமம் வாங்கி உல்சான் நகரில் பூட்டிக் கொடுத்தார்கள். சொந்தப் பெயரில் வந்த முதல் கார் போனி. 1974-ல் இத்தாலியின் டூரின் கண்காட்சியில் அதன் மாதிரி காட்டப்பட்டது, அடுத்த ஆண்டு இறுதியில் உற்பத்தி தொடங்கியது. வடிவமைத்தவர் ஜியார்ஜெட்டோ ஜியுஜாரோ என்ற இத்தாலியர். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஜப்பானின் மிட்சுபிஷியுடையவை. தொழிற்சாலையை ஒழுங்குபடுத்த பிரிட்டிஷ் லேலண்ட் கார் நிறுவனத்தில் இருந்த ஜார்ஜ் டர்ன்புல்லை அழைத்து வந்தார்கள்.

தெரியாததைத் தெரிந்தவரிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வது அவர்களுடைய வழி. பின்னாளிலும் இதையே செய்தார்கள்.

1986-ல் அமெரிக்காவில் எக்செல் கார் அமோகமாக விற்றது என்கிறார்களே. அப்புறம் ஏன் பெயர் கெட்டது?

அமோகமாகத்தான் விற்றது. ஆரம்ப விலை 4,995 டாலர். அந்த விலைக்கு அமெரிக்காவில் புதுக் கார் கிடைப்பது அபூர்வம். முதல் ஆண்டிலேயே சுமார் 1,69,000 கார்கள் போயின. அடுத்த ஆண்டு அது 2,63,000-ஐத் தாண்டியது. ஒரு புதிய வெளிநாட்டு நிறுவனத்துக்கு அதுவரை அப்படி ஒரு தொடக்கம் அமைந்ததில்லை.

ஆனால் இந்த வெற்றிக்குள்ளேயே வினையும் இருந்தது. கார்களை வாங்கியவர்களில் பெரும்பாலோர் கையில் காசு குறைவாக இருந்தவர்கள். முதல் கார் வாங்கும் மாணவர்கள், பழைய கார் வாங்க வந்து 'இதே காசுக்குப் புதுசே கிடைக்கிறதே' என்று மாறியவர்கள். அவர்களுக்கு அந்தக் கார் தினமும் வேலைக்குப் போயே ஆக வேண்டிய வண்டி. ரிப்பேர் வந்தால் மாற்று வண்டி கிடையாது, செலவழிக்கச் சேமிப்பும் கிடையாது. இரண்டு மூன்று வருடங்களில் அந்தக் கார்களில் கியர்பாக்ஸ் தகராறு செய்தது, பெயிண்ட் உரிந்தது, கார்புரேட்டர் மக்கர் செய்தது, குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பால் துரு ஏறியது. விற்கப் போனால் விலை கிடைக்கவில்லை. கடன் பாக்கியைவிடக் காரின் மதிப்பு குறைந்துபோனது.

லட்சக்கணக்கில் விற்றதால் ஏமாந்தவர்களும் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கெட்ட கார் கொஞ்சமாக விற்றிருந்தால் கொஞ்சம் பேர்தான் திட்டியிருப்பார்கள். இங்கே ஒவ்வொரு அலுவலகத்திலும், ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது 'நான் ஒன்று வாங்கிச் சீரழிந்தேன்' என்று சொல்ல இருந்தார். எந்த விளம்பரத்தாலும் அந்த வாயை அடைக்க முடியாது.

பெயர் எவ்வளவு மோசமாக இருந்தது?

இரவு நேரத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கு ஹூண்டாய் தீனியாகிப் போனது. விற்பனை 1998-ல் சுமார் 90,000 கார்களுக்கு இறங்கியது. உச்சத்தில் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கனடாவில் கியூபெக் மாகாணத்தின் புரோமோன் ஊரில் 1989-ல் திறந்த தொழிற்சாலையை 1993-லேயே மூடிவிட்டார்கள். வேறு நிறுவனமாக இருந்தால் அமெரிக்கச் சந்தையை விட்டே போயிருக்கும். கொரியாவுக்குள்ளும் அப்போது ஆசிய நிதி நெருக்கடி, 1997-ல் தொடங்கியது. போட்டி நிறுவனமான கியா அதில் திவாலானது. 1998-ல் ஏலத்தில் அதை ஹூண்டாயே எடுத்துக்கொண்டது.

பத்து வருட வாரண்டி என்பது என்ன? அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

1998 இறுதியில், 1999 மாடல் கார்களுக்காக, அமெரிக்க ஹூண்டாய் ஓர் அறிவிப்பு கொடுத்தது. இன்ஜின், கியர்பாக்ஸ் முதலிய இயக்கப் பாகங்களுக்கு 10 வருடம் அல்லது 1,00,000 மைல், அதாவது சுமார் 1,60,000 கிலோமீட்டர். காரின் மற்ற பெரும்பாலான பாகங்களுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல். அந்தக் காலத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் கொடுத்தது 3 வருடம் அல்லது 36,000 மைல்தான். அமெரிக்கப் பிரிவுக்கு அப்போது தலைமை வகித்தவர் ஃபின்பார் ஓ'நீல்.

ஊருக்குப் புதிதாக வந்து கடை போட்டவர் 'பொருள் சரியில்லை என்றால் பணம் வாபஸ்' என்று போர்டு மாட்டுவது போன்றது இது. பேர் வாங்கிய கடைக்கு அந்த போர்டு தேவையில்லை. பேர் இல்லாதவர் அந்தச் செலவை ஏற்றே ஆக வேண்டும்.

வாங்குபவர் பக்கம் இதன் கணக்கு எளிது. 'இந்தக் கார் உடைந்துவிடும்' என்று அவர் பயப்படுகிறார். 'உடையாது' என்று வாயால் சொன்னால் அவர் நம்ப மாட்டார், பத்து வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். 'உடைந்தால் செலவு எங்களுடையது' என்றால் நம்பவே தேவையில்லை. கடன் கட்டி முடிக்க ஐந்து வருடம் ஆகும், அதற்குப் பின்னும் ஐந்து வருடம் இன்ஜினுக்குக் கவலை இல்லை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

பலன் உடனே தெரிந்தது. 1999-ல் விற்பனை 1,64,000-ஐத் தொட்டது, 2000-ல் 2,44,000, 2003-ல் 4,00,000.

ஒரு நிபந்தனையையும் சொல்ல வேண்டும். பத்து வருடம் என்பது புதிதாக வாங்கிய முதல் உரிமையாளருக்கு மட்டும். கை மாறினால் இயக்கப் பாகங்களின் வாரண்டி 5 வருடம், 60,000 மைலாகக் குறையும். அமெரிக்கர்கள் பலர் ஐந்தாறு வருடத்தில் காரை மாற்றிவிடுவார்கள். ஆக, முழுப் பத்து வருடத்துக்கும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய கார்கள் விற்றவற்றில் ஒரு பகுதிதான். புத்திசாலித்தனமான கணக்கு. ஆனாலும் ஐந்து வருடம், 60,000 மைல் என்பதே அன்றைக்குப் போட்டியாளர்கள் தந்ததைவிட மிக அதிகம்.

வாரண்டி கொடுத்தால் மட்டும் கார் நல்லதாகிவிடுமா?

ஆகாது. இந்தக் கேள்விதான் மிக முக்கியமானது, பலரும் கேட்க மறப்பதும் இதைத்தான்.

பழைய தரத்திலேயே கார் செய்துகொண்டு பத்து வருட வாரண்டி கொடுத்தால் நிறுவனம் சில வருடங்களில் மூழ்கிப்போகும். அன்று பல வல்லுநர்கள் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆகவே அந்த வாக்குறுதி வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தமாக இருந்த அதே நேரத்தில் உல்சான் தொழிற்சாலைக்குக் கொடுத்த எச்சரிக்கையாகவும் இருந்தது. முன்பெல்லாம் ஒரு ஆயில் சீல் மூன்று வருடம் தாங்கினால் போதும். அதற்குப் பிறகு கசிந்தால் செலவு காரின் சொந்தக்காரருடையது. இப்போது அது எட்டாவது வருடம் கசிந்தாலும் பில் நிறுவனத்துக்கு வரும். மலிவான பாகம் வாங்கி மிச்சம் பிடித்த காசு, பிறகு பல மடங்காகத் திரும்பப் போகும்.

இந்த நேரத்தில் தலைமைக்கு வந்தவர் நிறுவனரின் மகன் சுங் மோங்-கூ. அவர் பின்னணி இங்கே முக்கியம். கார் பிரிவை நீண்ட காலம் நடத்தி, போனியால் பெயர் பெற்றவர் அவருடைய சித்தப்பா சுங் செ-யுங். சுங் மோங்-கூ எழுபதுகளிலிருந்து நடத்தியது ஹூண்டாய் மோட்டார் சர்வீஸ் என்ற விற்பனைக்குப் பிந்தைய சேவை நிறுவனத்தை. அதாவது பழுதான கார்கள் வந்து சேரும் இடத்தை. எந்தப் பாகம் உடைகிறது, வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுகிறார் என்பதைப் பல வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவர். அப்படிப்பட்டவர் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தது இந்தக் கதையில் பெரிய அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கிறேன்.

அவர் வந்ததும் தரக் கட்டுப்பாட்டுக்கு எனப் பெரிய பிரிவு உருவானது. அது தலைமைக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். உயர் அதிகாரிகளை உட்கார வைத்து, பழுதான பாகங்களை மேசையில் வைத்துத் தரக் கூட்டங்களை அவரே நடத்தினார். புது மாடல் ஒன்றில் குறை தெரிந்தால் வெளியீட்டைத் தள்ளிவைக்கவும் தயங்கவில்லை. எண்ணிக்கையே குறியாக இருந்த நிறுவனத்தில் 'தேதி தவறினாலும் பரவாயில்லை' என்று முதலாளியே சொல்வது சிறிய மாற்றம் இல்லை.

பாகங்கள் செய்து கொடுக்கும் நிறுவனங்களையும் இதில் இழுத்தார்கள். தொழிற்சாலை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் வெளியிலிருந்து வரும் ரப்பரும் வயரும் மட்டமாக இருந்தால் கார் மட்டம்தான். ஒரே குழுமத்துக்குள் இருக்கும் ஹூண்டாய் மோபிஸ் போன்ற நிறுவனங்கள் முக்கியப் பாகங்களைத் தொகுதியாகச் செய்து கொடுக்க ஆரம்பித்தன.

மிட்சுபிஷி இன்ஜினை எப்போது விட்டார்கள்?

படிப்படியாக. 1991-ல் ஆல்ஃபா என்ற முதல் சொந்த இன்ஜின் வந்தது. அதற்கு முன் உரிமம் வாங்கிய வடிவத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அவர்களுக்கு இல்லை. சொந்தமாகச் செய்யும்போதுதான் ஏன் உடைகிறது என்று கண்டுபிடித்துத் திருத்த முடியும். அப்புறம் 2000-களின் நடுவில் தீட்டா என்ற நாலு சிலிண்டர் இன்ஜின் வந்தது. மிட்சுபிஷியும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் ஹூண்டாயோடு கூட்டுச் சேர்ந்து, அந்த இன்ஜினின் அடிப்படை வடிவமைப்பை எடுத்துக்கொண்டன. கற்றுக் கொடுத்தவரே கற்றவரிடம் வந்து நின்றார். கொரியப் பொறியாளர்களுக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

இதே தீட்டா குடும்பம்தான் பின்னால் பெரிய தலைவலியும் ஆனது. கீழே வருகிறேன்.

தரம் உயர்ந்தது என்பதற்கு ஆதாரம் உண்டா, அல்லது விளம்பரமா?

ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் புதுக் கார் வாங்கியவர்களிடம் முதல் 90 நாட்களில் வந்த குறைகளைக் கேட்டு ஆண்டுதோறும் கணக்கெடுக்கும். 1998-ல் நூறு ஹூண்டாய் கார்களுக்கு 272 குறைகள். 2004-ல் அது 102. அந்த ஆண்டு நிறுவன வாரியான பட்டியலில் டொயோட்டா 101, ஹூண்டாயும் ஹோண்டாவும் 102. அமெரிக்கப் பத்திரிகைகள் அந்தச் செய்தியை ஆச்சரியத்தோடுதான் போட்டன. 2006-ல் போர்ஷே, லெக்சஸ் ஆகிய சொகுசு பிராண்டுகளுக்கு அடுத்து மூன்றாவது இடம்.

ஆனால் முதல் 90 நாள் வேறு, மூன்று வருடம் வேறு. மூன்று வருடம் ஓடிய கார்களை அதே நிறுவனம் தனியாகக் கணக்கெடுக்கும். 2004-ல் அந்தப் பட்டியலில் ஹூண்டாய் இன்னும் சராசரிக்குக் கீழேதான் இருந்தது. அது இயல்புதான். 2004-ல் மூன்று வயதான கார் 2001-ல் செய்யப்பட்டது. தொழிற்சாலையில் இன்று செய்த திருத்தம் நீண்ட கால நம்பகத்தன்மையாகக் கணக்கில் ஏற வருடங்கள் ஆகும்.

அப்படியானால் மக்கள் மனம் மாற ஏன் இவ்வளவு தாமதம்?

ஒருவர் பத்து வருடத்தில் இரண்டு கார்தான் வாங்குவார். 1988-ல் எக்செல் வாங்கிச் சூடுபட்டவர் 1999-ல் ஷோரூமுக்குள்ளேயே போக மாட்டார். 'அங்கே போய்ப் பார், இப்போது நன்றாக இருக்கிறது' என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் ஆள் உருவாக, முதலில் ஒருவர் வாங்கி, ஐந்து வருடம் ஓட்டி, திருப்திப்பட வேண்டும்.

மறுவிற்பனை விலையும் இதே போலத்தான். 'ஹூண்டாய் விலை போகாது' என்ற எண்ணம் இருக்கும் வரை விலை போகாது, விலை போகாத வரை அந்த எண்ணமும் போகாது. நல்ல கார் செய்தாலும் இந்தச் சுழற்சியிலிருந்து வெளியே வர நாளாகும். அதனால்தான் விலையைக் குறைவாகவே வைத்துக்கொண்டு, போட்டியாளர்கள் கூடுதல் காசுக்குத் தரும் அம்சங்களைச் சேர்த்தே கொடுத்தார்கள். 2005-ல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் தொழிற்சாலை திறந்து அங்கே செய்த சொனாட்டாவில், மிகக் குறைந்த விலை மாடலிலேயே ஆறு ஏர்பேக்கும் கார் சறுக்காமல் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பும் இருந்தன. அந்த விலைக்கு அது அன்று அரிது.

2009-ல் வேலை போனால் காரைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாமே?

ஆமாம், அதுவும் உண்மை. அமெரிக்காவில் வேலைகள் மளமளவென்று போய்க்கொண்டிருந்த 2009 ஜனவரியில் அறிவித்தார்கள். கார் வாங்கி ஒரு வருடத்துக்குள் வேலை போனால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், கடன் சுமை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்போது மக்கள் கார் வாங்காததற்குக் காரணம் விலை இல்லை. அடுத்த மாதம் சம்பளம் வருமா என்ற பயம். மற்ற நிறுவனங்கள் தள்ளுபடியை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஹூண்டாய் அந்தப் பயத்தைத் தொட்டது. அந்த ஆண்டு அமெரிக்கக் கார் சந்தை 21 சதவீதம் சுருங்கியது. ஹூண்டாய் விற்பனை 8 சதவீதம் உயர்ந்து 4,35,000 ஆனது. திருப்பிக் கொடுத்தவர்கள் சில நூறு பேர்தான்.

1998-ல் செய்ததையே வேறு வடிவில் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வாங்குபவரின் பயம் எதுவோ அதற்கான செலவை நிறுவனம் ஏற்றது. அதே ஜனவரியில் ஹூண்டாயின் ஜெனசிஸ் காருக்கு வட அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த கார் விருதும் கிடைத்தது.

டிசைனுக்குப் பங்கே இல்லையா?

நிச்சயம் உண்டு, ஆனால் தரம் சீரான பிறகுதான் அது பலன் கொடுத்தது. கியா 2006-ல் பீட்டர் ஷ்ரையரைக் கொண்டுவந்தது. ஆவுடியின் டிடி காரால் உலகப் புகழ் பெற்ற ஜெர்மானியர். புலி மூக்கு என்று சொல்லப்படும் முன்பக்க கிரில் அவர் கொடுத்தது. பிற்பாடு கியாவின் தலைவர்களில் ஒருவராகவே உயர்ந்தார். கார் ஓடும் விதத்தைச் சீர்படுத்த 2015-ல் பிஎம்டபிள்யூவின் எம் என்ற வேகக் கார் பிரிவிலிருந்து ஆல்பர்ட் பியர்மான் வந்தார். அவர் கைவண்ணத்தில் வந்த ஐ30 என் காரை, ஹூண்டாயை அதுவரை சட்டைசெய்யாத ஐரோப்பிய ஓட்டுநர்கள் ரசித்து ஓட்டினார்கள். போனி காலத்தில் டர்ன்புல்லை அழைத்த அதே பழக்கம்.

தேவூவும் கொரியக் கார்தானே, அது ஏன் தோற்றது?

கடன். தேவூ குழுமம் கடன் வாங்கி உலகமெங்கும் விரிந்தது, நிதி நெருக்கடியில் நொறுங்கியது. கார் நிறுவனம் 2000-ல் திவாலாகி, பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது. நம் ஊரில் சியலோ, மேட்டிஸ் வைத்திருந்தவர்களுக்கு உதிரிபாகத்துக்கு அலைந்தது நினைவிருக்கும். கொரிய நிறுவனம் என்றாலே ஜெயிக்கும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சென்னைக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. ஹூண்டாயின் இந்திய நிறுவனம் 1996-ல் பதிவானது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை எழுந்தது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வந்தது. தேதியைப் பாருங்கள். அமெரிக்காவில் பெயர் அடிமட்டத்தில் இருந்த அதே ஆண்டு.

இந்தியர்களுக்கு அந்தக் கெட்ட பெயர் தெரியாது. ஆனால் நல்ல பெயரும் தெரியாது. மாருதியைத் தவிர வேறு எதையும் யோசிக்காத சந்தை அது. கொரியாவில் ஆட்டோஸ் என்ற பெயரில் விற்ற காரை இங்குள்ள வெயில், சாலை, ரசனைக்கு ஏற்ப மாற்றினார்கள். ஷாருக் கானை விளம்பரத்துக்கு அழைத்தார்கள். ஆனால் சான்ட்ரோ நிலைத்ததற்குக் காரணம் வேறு. அது மக்கர் செய்யவில்லை, ஏசி நன்றாகக் குளிர்ந்தது, சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் முதல் கால் டாக்சி வரை அது அடி வாங்கிக்கொண்டே ஓடியது. சில வருடங்களிலேயே ஹூண்டாய் நாட்டின் இரண்டாவது பெரிய கார் நிறுவனமானது.

அப்புறம் ஐ10. 2007-ல் வந்த அந்தக் கார் இங்கே செய்யப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. தரத்துக்குப் பெயர் வாங்கப் போராடிய ஒரு நிறுவனம், ஐரோப்பியர் ஓட்டும் காரை இருங்காட்டுக்கோட்டையை நம்பி ஒப்படைத்தது. அங்கே ஷிஃப்ட் பார்த்த நம் பையன்களுக்கும் இந்தப் பெயர் மாற்றத்தில் பங்கு உண்டு என்று நான் அழுத்திச் சொல்வேன்.

பாதுகாப்பில் இந்தியாவுக்கு ஒரு தரம், வெளிநாட்டுக்கு ஒரு தரம் என்பது உண்மையா?

நீண்ட காலம் உண்மையாக இருந்தது, ஹூண்டாய் மட்டும் அப்படி இல்லை என்றாலும். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்திய மாடல்களை மோதிச் சோதித்தபோது ஏர்பேக் இல்லாத ஐ10-க்குப் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம். மாருதி ஆல்டோ, டாடா நானோ, ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகியவற்றுக்கும் அதே பூஜ்யம். 2022-ல் கிரெட்டாவுக்கு மூன்று நட்சத்திரம். 2023-ல் வெர்னாவுக்கு ஐந்து. அதே ஆண்டு எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் கட்டாயம் இருக்கும் என்று நிறுவனம் அறிவித்தது.

அலபாமாவில் மலிவு மாடலுக்கும் ஆறு ஏர்பேக் கொடுத்தது 2005-ல். இங்கே அது வர பதினெட்டு வருடம் ஆனது. சட்டம் கேட்கவில்லை, வாங்குபவரும் கேட்கவில்லை என்பது காரணம் ஆகலாம், நியாயம் ஆகாது.

தீட்டா இன்ஜின் பிரச்சினை என்ன?

அமெரிக்காவில் செய்த இரண்டாம் தலைமுறை தீட்டா இன்ஜின்கள் சிலவற்றில், கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டைக் கடைந்தபோது உண்டான இரும்புத் துகள்கள் சரியாக அகற்றப்படவில்லை. அவை ஆயில் போகும் வழியை அடைத்தன. ஆயில் கிடைக்காத கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்தது, தட்டும் சத்தம் வந்தது, ஓடும்போதே இன்ஜின் பிடித்துக்கொண்டது. சில கார்கள் தீப்பிடித்தன.

2015-ல் சுமார் 4,70,000 சொனாட்டாக்களைத் திரும்ப அழைத்தார்கள். 2017-ல் கியாவையும் சேர்த்து இன்னும் 12 லட்சம் கார்கள். இதற்கிடையில் 2016-ல் கிம் குவாங்-ஹோ என்ற ஹூண்டாய்ப் பொறியாளர், நிறுவனம் குறைகளைச் சரியாகக் கையாளவில்லை என்று உள் ஆவணங்களோடு அரசு அமைப்புகளிடம் போனார். 2020-ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்போடு ஹூண்டாயும் கியாவும் மொத்தம் 21 கோடி டாலர் அளவிலான அபராத ஒப்பந்தத்துக்கு வந்தன. திரும்ப அழைப்பில் தாமதம் என்பது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு கிம்முக்கு அந்த அமைப்பு 2.4 கோடி டாலருக்கும் மேல் வெகுமதி கொடுத்தது.

இதில் என்னை உறுத்துவது துகள் இல்லை. எந்தத் தொழிற்சாலையிலும் தவறு நடக்கும். பழுதான பாகத்தை மேசையில் வைத்துப் பேசிய நிறுவனத்தில், உள்ளே இருந்த ஒருவர் பேச வெளியே போக வேண்டியிருந்தது. எக்செல் காலத்துக்குப் பின் கட்டிய நம்பிக்கையை இது ஆழமாகவே அரித்தது. பின்னர் பாதிக்கப்பட்ட இன்ஜின்களுக்கு அமெரிக்காவில் ஆயுள்கால வாரண்டி கொடுத்தார்கள். மறுபடியும் வாரண்டிதான் கைகொடுத்தது, இம்முறை வேறு வழியில்லாமல்.

மைலேஜ் விஷயத்தில் தப்பு நடந்ததா?

நடந்தது. 2012-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 10 லட்சம் கார்களின் மைலேஜைக் கூட்டிச் சொன்னது தெரியவந்தது. வாடிக்கையாளர்களுக்குக் கூடுதல் பெட்ரோல் செலவை ஈடுகட்டினார்கள். 2014-ல் அமெரிக்க அரசுக்கு 10 கோடி டாலர் அபராதமும் கட்டினார்கள்.

அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார்களை மட்டும் திருடினார்களே, ஏன்?

சாவி போட்டுத் திருப்பும் மலிவு மாடல்கள் பலவற்றில் இம்மொபிலைசர் இல்லை. சரியான சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாதபடி தடுக்கும் சின்ன மின்னணுப் பூட்டு அது. 2021 வாக்கில் மில்வாக்கி நகரில் இளைஞர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஸ்டீயரிங் தண்டின் உறையைக் கழற்றி, யுஎஸ்பி கேபிளின் முனையால் திருப்பினால் கார் ஓடியது. டிக்டாக்கில் அது பரவியது. சில நகரங்களில் காப்பீட்டு நிறுவனங்கள் இந்த மாடல்களுக்குப் புதிய பாலிசி தர மறுத்தன. 2023-ல் 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் மாற்றமும் சுமார் 20 கோடி டாலர் சமரசமும் அறிவித்தார்கள்.

கனடாவில் 2007 முதலே அந்தப் பூட்டு கட்டாயம். அங்கே இதே கார்கள் இப்படித் திருடுபோகவில்லை. ஆக, செய்யத் தெரியாமல் இல்லை, சட்டம் கேட்ட இடத்தில் மட்டும் செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பழைய மலிவு கார் வைத்திருந்த எளிய மக்கள். எக்செல் காலத்தில் அவதிப்பட்டவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நல்ல பெயர் இருப்பது எப்படி?

பெரும்பாலான கார்கள் நன்றாக ஓடுவதால். மூன்று வருடம் ஓடிய கார்களைக் கணக்கெடுக்கும் அந்த ஜே.டி. பவர் பட்டியலில் 2022-ல் சொகுசு பிராண்டுகள் உட்பட எல்லோரையும் தாண்டி கியா முதலிடம் பிடித்தது. ஹூண்டாய் மூன்றாவது. 2004-ல் சராசரிக்குக் கீழே இருந்த அதே வகைப் பட்டியல். மின்சாரக் காரில் ஐயோனிக் 5 உலகின் சிறந்த கார் விருதை 2022-ல் வாங்கியது, அடுத்த ஆண்டு ஐயோனிக் 6, அதற்கடுத்த ஆண்டு கியா இவி9. விற்பனை எண்ணிக்கையில் 2022 முதல் இந்தக் குழுமம் டொயோட்டா, ஃபோக்ஸ்வாகனுக்கு அடுத்து உலகில் மூன்றாவது.

அந்த மின்சாரக் கார்களிலும் சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் ஒரு பாகம் பழுதாகி 2024-ல் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. பழுதைத் தாமாக ஒப்புக்கொண்டு எவ்வளவு சீக்கிரம் மாற்றித் தருகிறார்கள் என்பதைத்தான் நான் இனி பார்ப்பேன்.

செகண்ட் ஹேண்டில் ஹூண்டாய் அல்லது கியா வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

வாங்கலாம். விற்பவர் சொல்லும் வாரண்டியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை வருடம் பாக்கி, எந்தப் பாகங்களுக்கு, கை மாறினால் தொடருமா என்று காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரிலேயே கேளுங்கள். நாட்டுக்கு நாடு, மாடலுக்கு மாடல் இது மாறும். அதே எண்ணை வைத்து, திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் இது உண்டா, உண்டென்றால் வேலை முடிந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆயில் மாற்றிய சர்வீஸ் பில்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள், பில் இல்லாமல் வாரண்டியில் இன்ஜின் வேலை கேட்பது கஷ்டம். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.